மஞ்சளில் தொடங்கும் பட்டியல்

எங்கள் வீட்டில் மளிகைப் பட்டியல் மஞ்சளில்தான் தொடங்கும். தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே மஞ்சள் 50 கிராம். டப்பா நிறைய மஞ்சள் இருந்தாலும் முதல் வரி அதுதான். அத்தை, அதாவது என் மாமியார், சொல்லச் சொல்ல யாராவது எழுதுவோம். அவருக்கு எழுதத் தெரியாமல் இல்லை. பால் கணக்கையெல்லாம் மாதக் காலண்டரின் கட்டத்துக்குள் பென்சிலால் அவரேதான் குறிப்பார். மளிகைப் பட்டியல் மட்டும் வாயால்தான்.

2023 தீபாவளிக்கு அப்படி எழுதிய பட்டியல் ஒன்று போன வருடம் முறுக்கு அச்சு டப்பாவுக்குள் கிடைத்தது. எண்ணெய் பட்டு கண்ணாடிபோல ஆகியிருந்தது. கடலை மாவு 2 கிலோ, பொட்டுக்கடலை அரைக் கிலோ, வெல்லம் (பாகு வெல்லம், மறக்காமல்) 1 கிலோ என்று 43 வரி. எழுத்து என்னுடையது. இரண்டு தடவை படித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்பதுவரை அதில் இருந்தது. யார் செய்யப் போகிறார்கள் என்பது மட்டும் இல்லை. எழுதாமல் விட்டது மறதியால் அல்ல. அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதை ஏன் எழுத வேண்டும்?

பண்டிகைக் காலம் என்றால் பல ஊர்களில் தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம். ஸ்ரீரங்கத்தில் வீடு இருப்பவர்களுக்கு நான்கு மாதம். நவராத்திரியில் கொலு, அப்புறம் தீபாவளி, அப்புறம் கார்த்திகை. மார்கழி பிறந்ததும் விடியற்காலைக் கோலம். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய பத்து நாள் உற்சவமான பகல் பத்து தொடங்கும்போதே உறவினர்களின் போன் வர ஆரம்பித்துவிடும். "ஏகாதசிக்கு வரலாம்னு இருக்கோம், உங்களுக்குத் தொந்தரவு இல்லையே?" இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு என்பது கேட்பவருக்கும் தெரியும். சொர்க்கவாசல் திறக்கும் விடியலுக்கு முதல் நாள் மோகினி அலங்காரம். அதையும் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடுவார்கள். ஏகாதசி ஜனவரியில் விழுகிற வருடங்களில், "இவ்வளவு தூரம் வந்துட்டோம், பொங்கலையும் முடிச்சிட்டே போறோமே" என்பார்கள். ஆட்கள் வருவது எனக்குப் பிடிக்காது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் பதினோரு பேர் படுத்திருக்க, நடு இரவில் ஒருவர் குறட்டைக்கு இன்னொருவர் சிரிக்கிற சத்தம் எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். மறுநாள் காலை நாலு மணிக்குப் பதினோரு காபி போட வேண்டியிருப்பதுதான் அந்தச் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிடும்.

இதற்கு நடுவில் வேலை. துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் போனஸ் கணக்கு. குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று போனஸ் சட்டம் சொல்வதை ஒவ்வொரு ஆளின் வருகைப் பதிவோடும் ஒட்டிப் பார்த்து முடிக்க வேண்டும். அடுத்தவர்களின் தீபாவளியைக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, என்.எஸ்.பி. ரோட்டுக் கூட்டத்தை ஒதுங்கி நின்று பார்த்துவிட்டு, ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தால் அங்கே முறுக்கு மாவு காத்திருக்கும்.

2023 ஆவணியில் அம்மா போய்விட்டாள்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி பிறந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகை கிடையாது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அப்படி இல்லை. மூன்று நாள் தீட்டு, அதோடு சரி. அவள் புகுந்த வீட்டுக்காரி, அந்த வீட்டில் தீபம் ஏற்ற வேண்டியவள். ஆக, லால்குடியில் அண்ணன் வீடு இருட்டாக இருக்க, நான் இங்கே குலோப் ஜாமூனுக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தேன். யாரும் கொடுமைப்படுத்தவில்லை. அத்தை இரண்டு தடவை, "உனக்கு முடியலைன்னா விடும்மா" என்றார். விட்டிருக்கலாம். ஆனால் விட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கை ஓய்ந்தால் நினைப்பு வரும் என்று பயந்து முன்னைவிட அதிகமாகச் செய்தேன். அந்த வருடம் ஒன்பது வகைப் பலகாரம். அதற்கு முன்னும் பின்னும் நான் ஆறைத் தாண்டியதில்லை.

ஏகாதசி அந்த வருடம் டிசம்பர் 23. மறுநாள் துவாதசி. விரதம் முடிக்கிற பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் மூன்றும் வேண்டும். விடிவதற்கு முன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அகத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அந்தக் கீரையைக் காம்பிலிருந்து உருவுவது எளிது. நுனியைப் பிடித்து இழுத்தால் இலைகள் கையோடு வந்துவிடும். ஆனால் பதினோரு பேருக்கு என்றால் அது ஒரு மலை. பாதி உருவியிருப்பேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தால் எழ முடியவில்லை. மயக்கமில்லை, வலியில்லை. காலுக்குச் சொன்னேன், கால் கேட்கவில்லை. அவ்வளவுதான். சுவரில் சாய்ந்து, கீரைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது வந்தால் தேவலை என்றும் யாரும் வந்துவிடக் கூடாது என்றும் ஒரே நேரத்தில் நினைத்தபடி உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரோ கோலத்துக்கு வாசல் தெளிக்கிற சத்தம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "தைராய்டு மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" ஏழு வருடமாக எனக்குத் தைராய்டு குறைவு. போடுகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கைப்பையில் இருந்த அட்டை புரட்டாசியில் வாங்கியது, அதிலேயே பாதி மிச்சம். ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ஏறுகிற எண்) 14.6 என்று வந்தது, நாலு நாலரைக்குள் இருக்க வேண்டியது. கை கால் கனம், தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்வது, எல்லாரும் மின்விசிறி போடச் சொல்லும்போது எனக்கு மட்டும் குளிர்வது, இதெல்லாம் துக்கம் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். "துக்கமும் இருக்கும், மாத்திரை போடாததும் இருக்கும். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார் டாக்டர்.

அந்த மாத்திரையில் ஒரு சிக்கல் உண்டு, போடுகிறவர்களுக்குத் தெரியும். வெறும் வயிற்றில், தண்ணீரோடு போட வேண்டும். போட்டபின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபிகூடக் கூடாது, காபி குடித்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. சாதாரண நாளில் இது பெரிய விஷயமில்லை. வீடு நிறைய ஆள் இருக்கும்போது, எழுந்த உடனே ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறக்கி, முதல் டம்ளரை நின்றபடியே வாயில் ஊற்றிக்கொள்கிற நாட்களில், மாத்திரை நினைவுக்கு வரும்போது காபி வயிற்றுக்குள் போயிருக்கும். சரி, நாளைக்கு என்று தோன்றும். அந்த நாளை கார்த்திகை, மார்கழி என்று போய்க்கொண்டே இருந்தது.

இனி, இதையெல்லாம் எழுதித் திட்டமிட நான் வாங்கிய நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன்.

ஜனவரியில் பெங்களூர் நாத்தனாரின் மகள் எனக்கு ஒரு பிளானர் அனுப்பினாள். கெட்டி அட்டை, உள்ளே இளஞ்சிவப்புப் பக்கங்கள், எல்லாம் ஆங்கிலம். எட்டுக் கோப்பைத் தண்ணீருக்கு எட்டுக் குட்டி டம்ளர் படம், குடிக்கக் குடிக்க வண்ணம் தீட்ட வேண்டும். இன்றைய மனநிலைக்கு ஐந்து முகங்கள். வார இறுதியில் மெழுகுவத்தி ஏற்றி வாசனைக் குளியல். எங்கள் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் வாளியும் மகனின் பனியனும்தான் இருக்கும். பாவம், அன்பாக வாங்கி அனுப்பியது. ஜனவரி 20 வரை டம்ளர்களுக்கு வண்ணம் தீட்டினேன். தண்ணீர் குடிக்காத நாளிலும் தீட்டினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அதற்கப்புறம் அந்தப் பிளானரில் தையல்காரர் அளவு எழுதி வைத்தேன்.

புத்தாண்டு டைரிகளில் இன்னொரு கோளாறும் உண்டு. இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுப்பது, நகைக்கடை கொடுப்பது எல்லாமே டிசம்பர் 31-இல் முடிந்துவிடும். எங்கள் வீட்டு நெரிசல் உச்சத்துக்குப் போகிற நேரம் அது, பெரும்பாலும் பகல் பத்தோ அதை அடுத்து வரும் ராப்பத்தோ நடந்துகொண்டிருக்கும். மார்கழியின் நடுவில் ஒரு புத்தகத்தை மூடி இன்னொன்றைத் திறக்கச் சொன்னால் எப்படி?

அதனால் 2024 செப்டம்பரில் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கடையில் 192 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கினேன். கோடு போட்டது, பழுப்பு அட்டை. முதல் இரண்டு பக்கத்தை விரித்து, நவராத்திரி தொடங்கும் அக்டோபர் 3-இலிருந்து காணும் பொங்கலான ஜனவரி 16 வரை கட்டம் கட்டினேன். 106 நாள். அலுவலகத்தில் எக்செல் தட்டுகிற கைக்கு ஸ்கேலும் பென்சிலும் சுகமாகத்தான் இருந்தது.

அடுத்த பக்கத்தில் தலைக்குள் இருந்ததையெல்லாம் கொட்டினேன். ஒரு ராத்திரியில் முடியவில்லை, இரண்டு ராத்திரி ஆனது. கொலுப் படிக்கு வேட்டி வெளுக்கப் போட வேண்டும். மகள் ரவிக்கை, இப்போதே கொடுக்காவிட்டால் டெய்லர் கைவிரித்துவிடுவார். மூன்று பாய், இரண்டு ஜமுக்காளம் வெயிலில் போட வேண்டும். சின்ன நாத்தனாருக்குச் சர்க்கரை, கோதுமை ரவை தனியாக வைக்க வேண்டும். கொழுந்தனார் மகனுக்கு வேர்க்கடலை ஆகாது, பொரிவிளங்காயில் போடக் கூடாது. மகனுக்குத் தேர்வு, ஏகாதசிக் கூட்டத்தில் அவன் எங்கே படிப்பான்? மாடி வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். மோட்டார் சத்தம் மாறியிருக்கிறது. இப்படி 117 வரி. எழுதி முடித்ததும் தலை லேசானது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் முதலில் வந்தது கோபம். இவ்வளவையும் சுமந்துகொண்டா பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன்?

கணக்குப்பிள்ளை புத்தி போகுமா? வலது ஓரத்தில் ஒரு கோடு போட்டு 'யார்' என்று தலைப்பிட்டேன். ஒவ்வொரு வரிக்கும் நேராக, போன வருடம் இதை யார் செய்தார்கள் என்று நேர்மையாக நிரப்பினேன். கூட்டிப் பார்த்தால் நான் 96, அத்தை 10, என் கணவர் 9, பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து 2. அவருடைய ஒன்பதில் கேஸ் சிலிண்டர், வண்டி சர்வீஸ், பட்டாசு மூன்றும் அடக்கம்.

2024-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம் என்று வந்தது. அதைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, அந்த 88 நிமிடக்காரர் யார் வீட்டில் இருக்கிறார் என்பதுதான். ஆனால் அந்தக் கணக்கு செய்கிற வேலையைத்தான் அளக்கிறது. வேர்க்கடலை ஆகாது என்பதை நினைவில் வைத்திருப்பதற்கு நிமிடக் கணக்கு ஏது?

நோட்டை அவரிடம் காட்டினேன். சண்டைக்கு இல்லை, ஏதோ ரிப்போர்ட் சமர்ப்பிக்கிற மாதிரி. முழுதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே" என்றார்.

இந்த வாக்கியத்தைக் கேட்காத பெண்கள் இருந்தால் கை தூக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. சொன்னால் செய்கிறவர்தான். ஆனால் எப்போது சொல்வது, எதைச் சொல்வது, சொன்னது நடந்ததா என்று பார்ப்பது, நடக்காவிட்டால் மறுபடி முகம் கோணாமல் சொல்வது, இவையெல்லாம் யார் கட்டத்தில் வரும்? அதை வாயால் விளக்க எனக்குத் தெம்பில்லை. சமையலறை வாசலில் சல்லடை மாட்டுகிற ஆணியில் நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். பேனாவையும் சேர்த்துக் கட்டினேன். "இனிமே நான் சொல்ல மாட்டேங்க. இதுல இருக்கும். எடுத்துக்கறதை எடுத்துக்கிட்டு உங்க பேரை எழுதிடுங்க." முதல் வாரம் யாரும் தொடவில்லை. இரண்டாவது வாரம் மோட்டார் வரிக்கு நேராக அவர் பெயர். மூன்றாவது வாரம் மகன் 'பாய் வெயிலில்' என்பதற்கு நேராகத் தன் பெயரைப் போட்டு, அதன் மேல் ஒரு கிரீடமும் வரைந்திருந்தான்.

புல்லட் ஜர்னல் என்று ஒரு முறை இருக்கிறது. நியூயார்க்கில் இருக்கும் ரைடர் கேரல் என்ற வடிவமைப்பாளர் 2013-இல் இணையத்தில் வெளியிட்டது. சிறு வயதில் கவனம் நிலைக்காமல் சிரமப்பட்டவர், தனக்காக உருவாக்கிக்கொண்டது. இப்போது அந்தப் பெயரில் வருகிற வீடியோக்களில் பூப்போட்ட டேப்பும் பதினாறு கலர் பேனாவும்தான் தெரிகிறது. நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒரே ஒரு விதி. முடியாத வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளும்போது ஒரு அம்புக்குறி போட்டுவிட்டு, அந்த வரியை மறுபடி கையால் முழுசாக எழுத வேண்டும். எழுதவே அலுப்பாக இருந்தால், அந்த வேலை உனக்கு அவ்வளவு முக்கியமில்லை, அடித்துவிடு.

'அதிரசம்' என்ற வரி மூன்று வாரம் அம்போடு தள்ளிப் போனது. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போவதற்குள் இடித்து, பாகு உருட்டுப் பதத்தில் இருக்கும்போது கொட்டிக் கிளறி, இரண்டு நாள் புளிக்கவிட்டு, அப்புறம் இலையில் தட்டி எண்ணெயில் போட்டு, அமுக்கி எண்ணெயை வடித்து எடுப்பதற்குள் ஒரு ஆள் தேய்ந்துவிடுவாள். பாகு ஒரு நொடி முந்தினால் எண்ணெயில் பிரிந்துவிடும், ஒரு நொடி பிந்தினால் கல். நான்காவது தடவை எழுதப் பேனாவை எடுத்தேன். வேண்டாம் என்று குறுக்கே கோடு போட்டேன். கோடு போட்ட கை நடுங்கியது என்றால் சிரிப்பீர்கள். இருபது வருடத்தில் அந்த வீட்டில் அதிரசம் இல்லாத தீபாவளி கிடையாது.

அத்தை கோட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவர் கோபம். அடுத்த தெருவில் ஆர்டருக்குச் செய்து தருகிற ஒரு அம்மாவிடம் 40 சொன்னோம். வந்தது. கடித்தால் பல்லுக்குச் சவால்தான். அத்தை அதைக் கார்த்திகைவரை சொல்லிக்காட்டினார். வருகிறவர்களிடமெல்லாம் ஒன்று எடுத்துக் கொடுத்து, "கடிச்சுப் பாருங்க" என்பார், சாட்சி சேர்ப்பதுபோல. கடையில் வாங்கினாலும் வீட்டு ருசி வந்துவிடும் என்று நான் இங்கே எழுத மாட்டேன், வரவில்லை. ஆனால் தீபாவளிக்கு முந்தைய இரவு பத்து மணிக்குப் படுத்தேன். கல்யாணமான பிறகு அந்த இரவில் நான் பத்து மணிக்குப் படுத்தது அதுவே முதல் தடவை.

இரவில் படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் மறுநாள் வரிகளை எழுதுவது அப்போதுதான் பழக்கமானது. அமெரிக்காவில் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 2018-இல் வெளியான ஓர் ஆய்வு இதைப் பற்றியது. 57 இளைஞர்களைத் தூங்கவைத்துப் பார்த்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம் இனிச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிப் போனார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். ஒன்பது நிமிடம் பெரிதா என்று கேட்பவர்கள், புளியை ஊறப்போட்டோமா இல்லையா என்று இருட்டில் கண் விழித்துக் கிடந்ததில்லை.

இனி அந்த முதல் வரி.

ஒவ்வொரு நாள் பக்கத்திலும் பிள்ளையார் சுழிக்குக் கீழே, மஞ்சளுக்குப் பதிலாக, ஒரு வரி எழுதினேன்: மாத்திரை போட்டாச்சா? கேள்விக்குறியோடு. அம்மா இருந்தவரை தினமும் காலை ஆறு மணிக்கு லால்குடியிலிருந்து போன் வரும். "எந்திரிச்சியா? மாத்திரை போட்டாச்சா?" ஏழு வருடம் தினமும். "போட்டாச்சும்மா" என்று அடுப்பைப் பார்த்தபடி எரிச்சலாகச் சொல்லிவிட்டு, சொன்ன குற்ற உணர்ச்சியில் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வேன். அம்மா போன பிறகு நான் மாத்திரையை மறந்துவிட்டேன் என்றுதான் டாக்டரிடம் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அந்த ஏழு வருடமும் நான் அதை நினைவில் வைத்திருந்ததே கிடையாது.

மாத்திரை அட்டையை ஃபில்டர் டப்பாவுக்குள்ளேயே வைத்தேன், காபித்தூள் கரண்டிக்கு மேலே. அதை எடுக்காமல் காபி போட முடியாது. காபியை முக்கால் மணி நேரம் தள்ளினேன். அந்த நேரத்தில் கோலம் போட்டுவிடலாம்.

அதற்குக் கீழே இரண்டாவது வரி, 'எனக்கு'. தினமும் ஒன்று, எனக்கு மட்டும் பயன்படுகிற ஏதாவது. இது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. முதல் இரண்டு வாரத்துப் பக்கங்களைப் பார்த்தால் நகம் வெட்ட, தலைக்குக் குளிக்க, குதிகால் வெடிப்புக்கு மருந்து என்று இருக்கிறது. பழைய வண்டியைப் பராமரிக்கிற பட்டியல் மாதிரி. மூன்றாவது வாரம்தான் 'பஸ்ஸில் ஜன்னல் சீட், போன் பைக்குள்' என்று வந்தது. அப்புறம் 'அம்மா மண்டபம், அரை மணி'. அந்தக் காவிரிப் படித்துறையில் பாதி நேரம் தர்ப்பணம் செய்பவர்கள் கூட்டமாகத்தான் இருக்கும், அமைதி என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே யாருக்கும் என்னிடம் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பொரி வாங்கி மீனுக்குப் போட்டேன். ஒரு பாட்டி, "மொத்தமா கொட்டாதம்மா, கொஞ்சம் கொஞ்சமா போடு" என்றார். அங்கேயும் ஒரு மேஸ்திரி.

செப்டம்பரிலேயே ஒரு கட்டத்தில் நவம்பர் 2, சனி, லால்குடி என்று பேனாவால் எழுதிவைத்திருந்தேன். மற்றதெல்லாம் பென்சில். தீபாவளி அக்டோபர் 31, மறுநாளும் அரசு விடுமுறை விட்டார்கள், நாத்தனார் வீட்டார் இரண்டாம் தேதி காலை வருவதாகப் போன். பழைய நானாக இருந்தால் லால்குடியை ரப்பரால் அழித்திருப்பேன். பேனாவில் எழுதியதால் அழிக்க முடியவில்லை என்று சொன்னால் சின்னப்பிள்ளைத்தனம்தான், ஆனால் அப்படித்தான் நடந்தது. நாத்தனாரிடம் போனில், "நீங்க வாங்க அண்ணி, சாம்பார் வச்சிட்டுப் போறேன், ராத்திரிக்குள்ள வந்துடுவேன்" என்றேன். மறுமுனையில் இரண்டு நொடி சத்தமில்லை. "போய்ட்டு வா, சாம்பாரெல்லாம் நாங்க வச்சுக்கறோம்" என்றார்.

வருடம் திரும்பி, அண்ணன் வீட்டில் அதுதான் முதல் பண்டிகை. திண்ணையில் உட்கார்ந்து அண்ணியும் நானும் பாத்திரக்காரரிடம் அம்மாவின் பழைய பித்தளைக் குடத்தைப் போடலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் பேசினோம். போடவில்லை. அண்ணன் ஒரு புடவையும் 500 ரூபாயும் தட்டில் வைத்துக் கொடுத்தான். அம்மா கொடுக்கும்போது அதில் எப்போதும் ஒரு ரூபாய் சேர்த்து 501-ஆக இருக்கும். அவனுக்கு அது தெரியாது. நான் சொல்லவில்லை.

பொங்கல் வாரம் எப்படிப் போனது என்று கேட்டால் நோட்டில் ஒன்றும் இல்லை. 2025-இல் ஏகாதசி ஜனவரி 10, வெள்ளி. போகி திங்கள், பொங்கல் செவ்வாய். வந்தவர்கள் யாரும் நடுவில் கிளம்பவில்லை, பதினான்கு பேர். ஒன்பதாம் தேதிப் பக்கத்தில் 'பால் 6 லிட்டர்' என்று பாதி எழுதிய ஒரு வரி, அதோடு பதினைந்தாம் தேதிவரை வெறும் தாள். யாரோ அதில் டம்ளரை வைத்து வட்டமாகக் காபிக் கறை வேறு. இதைச் சொல்லாமல் விட்டால், இதைப் படித்து நோட்டு வாங்கிய எல்லாரும் என்னைத் திட்டுவீர்கள். வீடு கொதிக்கிற நாட்களில் எந்த நோட்டும் திறக்கப்படாது. திட்டமெல்லாம் அதற்கு முந்தைய நாட்களுக்குத்தான்.

ஆனால் பதினோராம் தேதி காலை, துவாதசி, அதே தரையில் அகத்திக்கீரையோடு உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தடவை நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து உருவுகிறோம், கீரை வரிக்கு நேராக 'எல்லாரும்' என்று டிசம்பரிலேயே எழுதியிருந்தேன். மகள் எழுந்து, கண்ணைக் கசக்கியபடி தண்ணீர் குடிக்க வந்தாள். சொம்பை வைத்துவிட்டு, போகிறபோக்கில், திரும்பிக்கூடப் பார்க்காமல், "மாத்திரை போட்டாச்சா?" என்றாள். தினமும் சமையலறை வாசலில் தொங்குவதைப் படித்துப் படித்து அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

"போட்டாச்சும்மா" என்றேன். கொஞ்சம் எரிச்சலாகத்தான்.

பிப்ரவரியில் டி.எஸ்.எச். 3.8. அது மாத்திரையின் வேலை, நோட்டின் வேலை இல்லை. சோர்வென்றால் நோட்டு வாங்காதீர்கள், முதலில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

இதை எழுதுகிற 2025-இல் நவராத்திரி செப்டம்பர் 22-இலேயே வந்துவிடுகிறது. தீபாவளி அக்டோபர் 20, விஜயதசமிக்கும் அதற்கும் நடுவில் மூன்று வாரம்கூட இல்லை, போனஸ் கணக்கை நினைத்தால் இப்போதே கண்ணைக் கட்டுகிறது. ஏகாதசி மட்டும் டிசம்பர் 30. பொங்கலுக்கு இரண்டு வாரம் இடைவெளி. இரண்டு தடவை வருவார்களா, ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்வார்களா என்று அவரும் நானும் பந்தயம் கட்டியிருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை புது நோட்டு வாங்கிக் கட்டம் கட்டி, கொட்ட வேண்டியதைக் கொட்டி, ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனேன். அதிரசத்தை எழுதவேயில்லை.

சாயங்காலம் வந்து பார்த்தால், பட்டியலின் கடைசியில் பென்சிலால் இரண்டு வரி கூடியிருந்தது. பால் கணக்கு எழுதுகிற அதே சாய்ந்த எழுத்து. முதல் வரி, 'அதிரசம் 25 போதும். பாகு நான் பாக்கறேன்.' அதற்குக் கீழே, 'முட்டிக்கு வெந்நீர் பை ஒண்ணு.' அந்த வீட்டுக்கு வந்து இருபத்தொரு வருடத்தில் அத்தை தனக்கென்று ஒரு சாமான் கேட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டு வரிக்கும் நேராக 'யார்' கட்டத்தைத் தன் மகன் பெயரால் நிரப்பியிருந்தார். பாகு வரியில் தன் பெயருக்குப் பக்கத்தில், மாவு இடிக்க.

அந்த மகன் இன்னும் நோட்டைப் பார்க்கவில்லை.